கார்ட்லெஸ் மைக் மக்கர் செய்தால்: ரிசீவரின் விளக்குகளைப் படிப்பது எப்படி?

கார்ட்லெஸ் மைக்கில் பேச்சு விட்டு விட்டு வந்தாலோ, கரகரவென்று இரைந்தாலோ முதல் பழி ரிசீவர் மேல்தான் விழும். மேசை மேல் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி உட்கார்ந்திருக்கிறது, நாலைந்து விளக்கு மினுக்குகிறது, இரண்டு கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதனால் கோளாறு அதில்தான் என்று முடிவு கட்டிவிடுகிறோம். யாராவது ஒருவர் எழுந்து வந்து அதன் தலையில் ஒரு தட்டும் தட்டுவார். ஆனால் அந்தப் பெட்டிக்கு உள்ளேயே பழுது வருவது அபூர்வம். பெரும்பாலான தொல்லைகள் அதற்கு முன்னால் இருக்கும், அதாவது மைக்கிலோ பேட்டரியிலோ இடைப்பட்ட காற்றிலோ. இல்லையென்றால் அதற்குப் பின்னால், கேபிளிலோ எல்லா மைக் சத்தத்தையும் ஒன்றாகக் கலக்கும் மிக்சரிலோ இருக்கும். எந்தப் பக்கம் என்பதை ரிசீவரே விளக்கெரித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நாம்தான் பார்ப்பதில்லை.

பள்ளி ஆண்டு விழா, கோயில், தேவாலயம், குடியிருப்போர் சங்கக் கூட்டம் என்று ஏதோ ஓர் இடத்தில் ‘தம்பி, மைக்கைக் கொஞ்சம் பார்த்துக்கோப்பா’ என்ற பொறுப்பு தலையில் விழுந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். தொழிலாகச் செய்யும் மைக்செட்காரர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

சத்தம் போகும் வழி

பேசுகிற சத்தம் மைக்கின் தலையில் மின்சாரமாக மாறுகிறது. அதை டிரான்ஸ்மிட்டர் ரேடியோ அலையில் ஏற்றி அனுப்புகிறது. கை மைக்கில் டிரான்ஸ்மிட்டர் கைப்பிடிக்குள்ளேயே இருக்கும். காலர் மைக், ஹெட்செட் மைக் என்றால் இடுப்பில் மாட்டும் சிறு பெட்டிதான் டிரான்ஸ்மிட்டர். ரிசீவரின் ஆன்டெனா அந்த அலையைப் பிடிக்கிறது. ரிசீவர் அலையைக் கழற்றிப்போட்டுவிட்டு சத்தத்தை மட்டும் எடுத்து, கேபிள் வழியாக மிக்சருக்கோ ஆம்ப்ளிபையருக்கோ தருகிறது.

நாம் வழக்கமாகப் பார்க்கும் அனலாக் செட்டுகள் எல்லாமே எஃப்எம் முறையில்தான் இயங்குகின்றன. எஃப்எம் ரேடியோவில் பாட்டு வருகிற அதே தொழில்நுட்பம், ஆனால் வேறு அலைவரிசை. யுஎச்எஃப் செட் என்றால் பெரும்பாலும் 470-இலிருந்து 700 மெகாஹெர்ட்ஸ் வரைக்குள் ஓர் இடம். 600 மெகாஹெர்ட்ஸ் என்றால் அலை நொடிக்கு 60 கோடி தடவை துடிக்கிறது. பழைய விஎச்எஃப் செட்டுகள் 200 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். யூடியூப்காரர்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் சிறு மைக்குகள் 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் டிஜிட்டல் வகை. அவற்றின் சங்கதி வேறு, பின்னால் வருகிறேன்.

ஓர் எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சாதாரண கார்ட்லெஸ் மைக் வெளியிடும் சக்தி 10 மில்லிவாட் அளவுதான். கொஞ்சம் பெரிய செட் என்றால் 30, 50 வரை போகும். உங்கள் சட்டைப்பையில் இருக்கும் 4ஜி போன், டவர் தூரத்தில் இருக்கும்போது 200 மில்லிவாட் வரை வீசும். இவ்வளவு பலவீனமான ஒன்றை இவ்வளவு இரைச்சலுக்கு நடுவே பிடித்துத் தருவதுதான் ரிசீவரின் வேலை. அதைத் தட்டுவதற்கு முன் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இரண்டு விளக்குகள்

ரிசீவரின் முகப்பில் ஆர்எஃப் என்று ஒரு விளக்கு அல்லது பட்டை இருக்கும். மைக்கிலிருந்து ரேடியோ அலை வந்து சேருகிறதா, எவ்வளவு பலமாக என்பதை அது காட்டும். ஏஎஃப் அல்லது ஆடியோ என்று இன்னொன்று. வந்த அலைக்குள் சத்தம் இருக்கிறதா என்பதை அது காட்டும். சில மலிவு செட்டுகளில் ஆர்எஃப் மட்டும்தான் இருக்கும், அதுவே பெரிய உதவி.

மைக்கை ஆன் செய்து பேசுங்கள். ஆர்எஃப் விளக்கு எரியவே இல்லை என்றால் அலை வந்து சேரவில்லை. மைக்கின் பேட்டரியைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் மைக்கும் ரிசீவரும் ஒரே அலைவரிசையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். மைக்கின் திரையில் 614.250 என்றும் ரிசீவரில் 641.250 என்றும் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே பார்க்காது. அவசரத்தில் பார்க்கும்போது இந்த இரண்டு எண்ணும் ஒன்றுபோலவே தெரியும் என்பதுதான் வேடிக்கை. நிறைய செட்டுகளில் ஐஆர் சிங்க் என்று ஒரு வசதி உண்டு. ரிசீவரில் எண்ணை வைத்து, மைக்கின் சின்னக் கண்ணாடிச் சன்னலை ரிசீவரின் சன்னலுக்கு நேராக ஒரு சாண் தூரத்தில் பிடித்து பட்டனை அழுத்தினால் மைக் தானாக அந்த எண்ணுக்கு மாறிக்கொள்ளும். டிவி ரிமோட் மாதிரியேதான் அது வேலை செய்கிறது, ஆகவே வெயில் நேராக விழும் இடத்தில் பிடிக்க வேண்டாம்.

ஆர்எஃப் எரிகிறது, ஏஎஃப் எரியவில்லை. இப்போது அலை வருகிறது, அதற்குள் சத்தம் இல்லை. மைக்கில் மியூட் போட்டிருக்கலாம். காலர் மைக் என்றால் அந்த மெல்லிய வயர், இடுப்புப் பெட்டிக்குள் நுழைகிற இடத்தில் அறுந்திருக்கலாம். அதுதான் அதிகம் வளைந்து நிமிரும் இடம். பிளக்கைப் பிடித்து லேசாக ஆட்டும்போது ஏஎஃப் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் கோளாறு கையில் சிக்கிவிட்டது.

இரண்டும் எரிகின்றன, ஆனால் ஸ்பீக்கரில் ஒன்றும் வரவில்லை. அப்படியானால் மைக்கையும் ரிசீவரையும் விட்டுவிடுங்கள், இரண்டும் ஒழுங்காகத்தான் வேலை செய்கின்றன. ரிசீவரின் வால்யூம் குமிழ் சுழியத்தில் இருக்கிறதா, கேபிள் சரியான சாக்கெட்டில் இருக்கிறதா, மிக்சரில் அந்தச் சேனல் மியூட்டில் இருக்கிறதா என்று பின்பக்கமாக நகருங்கள். மேடையில் தலைவர் நின்று மைக்கைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, ஐந்து பேர் மைக்கைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். மிக்சரில் ஒரு சின்ன சிவப்பு பட்டன் அழுந்தியிருக்கும்.

பேட்டரி

அலுக்க அலுக்கச் சொல்லப்பட்ட விஷயம்தான், ஆனாலும் முதல் காரணம் இதுதான். சுவர்க் கடிகாரத்துக்கு வாங்கும் மலிவான கார்பன் செல் மைக்குக்கு ஆகாது. டிரான்ஸ்மிட்டர் தொடர்ந்து இழுக்கும் மின்சாரத்தை அதனால் நெடுநேரம் தர முடியாது. ஆல்கலைன் செல் போடுங்கள். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லும் நல்லதுதான், ஆனால் அதன் மின்னழுத்தம் 1.2 வோல்ட், ஆல்கலைனுக்கு 1.5. ஆல்கலைனை நினைத்து அளவு வைத்த மைக், ரீசார்ஜ் செல்லை முழுதாக இருக்கும்போதே அரைகுறை என்று காட்டும். கடைசியில் எச்சரிக்கை ஒன்றும் தராமல் பொசுக்கென்று அணைந்துவிடவும் கூடும். மைக்கின் மெனுவில் செல் வகையைத் தேர்ந்தெடுக்க வழி இருந்தால் மாற்றி வையுங்கள். இரண்டு செல் போடும் மைக்கில் ஒன்று புதிது ஒன்று பழையது என்று கலக்கவே கலக்காதீர்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் செல்லைக் கழற்றி வைக்காமல் விட்டால் ஆறு மாதம் கழித்துத் திறக்கும்போது ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் பூத்திருக்கும். ஆல்கலைன் செல் கசிந்த காரம் அது. பஞ்சில் கொஞ்சம் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடைத்து, அப்புறம் ஈரமில்லாத துணியால் துடைத்துக் காயவிட்டால் போகும். துடைத்த பின்னும் ஸ்பிரிங் மங்கலாக இருந்தால் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். கையில் உள்ள மைக்கைக் கொஞ்சம் அசைத்தாலே சத்தம் போய்ப் போய் வருகிறது என்றால் முக்கால்வாசி இந்த ஸ்பிரிங்தான்.

காலையில் நன்றாக இருந்ததே!

கார்ட்லெஸ் மைக் பற்றி நான் அதிகம் கேட்ட புலம்பல் இதுதான். காலியான மண்டபத்தில் ‘ஹலோ ஹலோ, மைக் டெஸ்டிங்’ எல்லாம் அருமையாகப் போகும். மாலையில் கூட்டம் நிரம்பி, விளக்கெல்லாம் போட்டதும் மைக் திக்க ஆரம்பிக்கும். பேயும் இல்லை, கண்ணேறும் இல்லை. காலைக்கும் மாலைக்கும் நடுவில் மூன்று விஷயங்கள் மாறியிருக்கின்றன.

முதலாவது மனித உடம்பு. நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். யுஎச்எஃப் அலையைத் தண்ணீர் உறிஞ்சும். பெரும்பாலான மண்டபங்களில் மிக்சர் மேசை கடைசி வரிசைக்குப் பின்னால் இருக்கும், ரிசீவரையும் அங்கேயே இடுப்பு உயரத்தில் வைத்துவிடுவார்கள். மேடைக்கும் ரிசீவருக்கும் நடுவில் காலையில் வெறும் பிளாஸ்டிக் நாற்காலிகள். மாலையில் நானூறு பேர். இதற்குத் தீர்வு ரிசீவரைத் தூக்கி மேடை ஓரத்துக்கே கொண்டுபோய், ஆன்டெனாக்கள் ஆட்களின் தலைக்கு மேல் தெரிகிற உயரத்தில் வைப்பது. அங்கிருந்து மிக்சர் வரை எக்ஸ்எல்ஆர் என்னும் மூன்று முள் கேபிள் இழுத்துவிடுங்கள். வழியில் ஏறும் இரைச்சலைக் கழித்துவிடும் அந்த பேலன்ஸ்டு வகைக் கேபிள் 50 மீட்டர் போனாலும் சத்தம் கெடாது. நீட்ட வேண்டியது கேபிளை, ரேடியோ அலையை அல்ல. ஆனால் மேடை ஓரம் என்றதும் பேசுகிறவர் காலடியிலேயே வைத்துவிடவும் வேண்டாம். மைக் மிக அருகில் வந்தால் ரிசீவரின் முன்பகுதி திணறும். மூன்று நான்கு மீட்டராவது இடைவெளி இருக்கட்டும்.

இரண்டாவது, எல்இடி சுவர். திருமண மேடைகளில் இப்போது பின்னணிக்குத் துணி கட்டுவதை விட எல்இடி திரை வைப்பதுதான் அதிகம். அதன் நூற்றுக்கணக்கான சிறு மின்சுற்றுகளும் பவர் சப்ளைகளும் அகலமான அலைவரிசையில் இரைச்சலைக் கொட்டும். கண்ணுக்கு அழகு, ரிசீவருக்கு சந்தைக்கடைச் சத்தம். இது உண்மையா என்று பார்ப்பது எளிது. மைக்கை அணைத்துவிட்டு, திரையைப் போட்டும் அணைத்தும் ரிசீவரின் ஆர்எஃப் பட்டையைக் கவனியுங்கள். திரை எரியும்போது பட்டை எழும்பினால் ரிசீவரைத் திரைக்குப் பக்கத்திலோ பின்னாலோ வைக்காதீர்கள். திரைக்கு எதிர்ப்பக்கம், மேடையின் முன்மூலைக்கு மாற்றுங்கள்.

மூன்றாவது, வந்தவர்களின் போன்களும் அடுத்த ஹாலின் மைக்குகளும். அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

அதற்கு முன் ஒரு விஷயம். கூட்டமே இல்லாவிட்டாலும் மேடையில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்றால் மட்டும் சத்தம் அறுவதைப் பார்த்திருப்பீர்கள். ஓரடி நகர்ந்தால் சரியாகிவிடும். தகரக் கூரை, இரும்புத் தூண், கண்ணாடிச் சுவர் இவற்றில் அலை பட்டுத் திரும்பி, நேராக வரும் அலையோடு சேர்ந்தே ஆன்டெனாவுக்கு வருகிறது. 600 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் 50 சென்டிமீட்டர். திரும்பி வரும் அலை 25 சென்டிமீட்டர் கூடுதலாகப் பயணம் செய்திருந்தால், ஒன்று மேடாக இருக்கும் இடத்தில் மற்றது பள்ளமாக இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஆன்டெனாவில் ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சாது. அந்த இடம் ஒரு செத்த இடம்.

ரிசீவருக்கு இரண்டு ஆன்டெனா இருப்பது இதற்காகத்தான், அழகுக்கு அல்ல. ஓர் ஆன்டெனா செத்த இடத்தில் இருந்தாலும் மற்றது இருக்காது என்பது கணக்கு. டைவர்சிட்டி என்று பெட்டியில் போட்டிருப்பது இதைத்தான். முகப்பில் ஏ, பி என்று இரண்டு விளக்குகள் மாறி மாறி எரிவது, இந்த நொடியில் எந்த ஆன்டெனாவின் அலையை எடுத்துக்கொள்கிறது என்பதைக் காட்டுகிறது. இரண்டையும் ஒட்டினாற்போல மடக்கி வைத்தால் இந்தக் கணக்கே வீணாகிவிடும். ஆங்கில எழுத்து வி போல இரண்டும் விலகிச் சாய்ந்து நிற்கட்டும். அப்படிச் சாய்ப்பதில் இன்னொரு லாபமும் உண்டு: பேசுகிறவர் மைக்கை நிமிர்த்திப் பிடித்தாலும் படுக்கவைத்துப் பிடித்தாலும் ஏதாவது ஓர் ஆன்டெனா அதற்கு இசைவாக இருக்கும். ஆன்டெனாவை வேறு செட்டிலிருந்து மாற்றிப் போடுவதும் தப்பு. யுஎச்எஃப்பில் 600-க்கு வேண்டிய கால் அலை நீளம் 12.5 சென்டிமீட்டர், விஎச்எஃப்பில் 200-க்கு 37.5. நீளமாக இருந்தால் நன்றாகப் பிடிக்கும் என்று நினைத்து மாட்டினால் உள்ளதும் போகும்.

பேசுகிறவர்களின் கையையும் பாருங்கள். பல கை மைக்குகளில் ஆன்டெனா அடிப்பகுதியில் இருக்கும். மைக்கின் வாலை உள்ளங்கையில் பொத்திப் பிடித்துப் பேசும் பேச்சாளர் தன் கையாலேயே அலையை விழுங்கிக்கொள்கிறார். சின்னப் பிள்ளைகளும் அப்படித்தான் பிடிப்பார்கள். ‘நடுவில் பிடிங்க சார்’ என்று சொல்லிவிட்டு ரிசீவரைப் பாருங்கள், நான்கு கட்டையில் இரண்டு எரிந்துகொண்டிருந்த பட்டை முழுதாக எரியும். இடுப்புப் பெட்டி என்றால் அதன் வால் வயர் நேராகத் தொங்க வேண்டும். புடவைக் கொசுவத்திலோ வேட்டி மடிப்பிலோ சுருட்டிச் செருகினால், வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டிப் பாதி பலம் போய்விடும். பெட்டியை ரிசீவர் இருக்கும் பக்கத்து இடுப்பில் மாட்டுவதும் உதவும்.

காற்றில் வேறு யாரோ

இப்போது எல்லாவற்றையும் விட முக்கியமான ஒரே ஒரு சோதனை. உங்கள் மைக்குகள் எல்லாவற்றையும் அணையுங்கள். ரிசீவரின் ஆர்எஃப் விளக்கும் அணைய வேண்டும். அணையாமல் எரிந்துகொண்டிருந்தால் அந்த அலைவரிசையில் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்.

முகூர்த்த நாளில் மாடியில் ஒரு கல்யாணம், கீழே ஒரு கல்யாணம் நடக்கும் மண்டபங்களில் இது சகஜம். மலிவு செட்டுகளில் அலைவரிசையை மாற்றவே முடியாது, தொழிற்சாலையில் வைத்ததுதான். இரண்டு ஹாலிலும் ஒரே மாதிரி செட் வந்து சேர்ந்தால், இங்கே மைக்கை அணைத்ததும் மேல்மாடி ஐயர் இங்கே மந்திரம் சொல்லுவார். எஃப்எம்முக்கு ஒரு குணம் உண்டு: ஒரே அலைவரிசையில் இரண்டு அலைகள் வந்தால் கலந்து கேட்காது, பலமானது மற்றதை முழுக்க அமுக்கிவிடும். அதனால்தான் நம் மைக் ஆனில் இருக்கும் வரை ஒன்றும் தெரியாது, அணைத்த நொடியில் அடுத்த வீட்டுக் குரல் தெளிவாக வந்துவிடும். ஒரே ரிசீவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு மைக் போட முடியாததும் இதே காரணத்தால்தான். ஸ்பேர் மைக்கை அதே எண்ணில் ஆன் செய்து பையில் வைத்திருந்தால் இரண்டும் ஏறக்குறைய சம பலத்தில் மோதிக்கொண்டு, எதுவும் எதையும் அமுக்க முடியாமல், காது கிழிகிற மாதிரி இரையும்.

அலைவரிசையை மாற்ற முடிகிற செட் என்றால் ஸ்கேன் செய்யுங்கள், அதாவது காலியான அலைவரிசையை ரிசீவரையே தேடச் சொல்லுங்கள். உங்கள் மைக்குகள் எல்லாம் அணைந்திருக்க, மற்றதெல்லாம், அதாவது எல்இடி திரை, வைஃபை, வீடியோகாரரின் கருவிகள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்கேன் செய்வதுதான் முறை. காலியான மண்டபத்தில் ஸ்கேன் செய்தால் காலியான மண்டபத்துக்கான விடைதான் கிடைக்கும்.

பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் எண்ணையும் ஒருமுறை பாருங்கள். 700 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் இருந்தால் கவலைக்கிடம். இந்தியாவில் 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பட்டை மொபைல் சேவைக்குப் போய்விட்டது. 703-இலிருந்து 748 வரை போன்கள் பேசும் இடம், 758-இலிருந்து 803 வரை டவர்கள் பேசும் இடம். 2022 ஏலத்தில் ஜியோ அதில் நாடு முழுவதற்கும் இடம் வாங்கியது. நம் 10 மில்லிவாட் மைக் அங்கே போய் நின்று என்ன செய்யும்? அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே 2010 ஜூன் 12-க்குப் பிறகு 700 பட்டையில் வயர்லெஸ் மைக் பயன்படுத்தத் தடை வந்தது. 600 பட்டையின் பெரும்பகுதியை 2020 ஜூலை 13-க்குள் காலி செய்யச் சொன்னார்கள். அதனால் வெளிநாட்டு இணையக் கடைகளிலும் சொந்தக்காரர்கள் பெட்டியிலும் மலிவாக வந்து சேரும் பழைய நல்ல கம்பெனி செட்டைப் பெயரைப் பார்த்து வாங்காமல், எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

மூன்று நான்கு மைக் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. 600, 601, 602 என்று சம இடைவெளியில் வரிசையாக வைப்பது பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள் அருகருகே இருக்கும்போது அவற்றின் அலைகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து புதுப்புது அலைகளைப் பெற்றுப்போடும். அதில் பலமானது, ஒன்றின் இரு மடங்கிலிருந்து மற்றதைக் கழித்தால் வரும் எண். 601-இன் இரு மடங்கு 1202, அதில் 600 போக 602. பாருங்கள், முதல் இரண்டு மைக்கும் சேர்ந்து மூன்றாவது மைக்கின் இடத்திலேயே ஒரு பொய் அலையை உண்டாக்கிவிட்டன. தொகுப்பாளர் நாலு மைக்கையும் ஆனில் வைத்தே ஒரு தட்டில் அடுக்கி வைத்திருக்கும்போது இது உச்சத்துக்குப் போகும். இந்தக் கணக்கெல்லாம் நாம் போட வேண்டியதில்லை. ரிசீவர் மெனுவில் குரூப், சேனல் என்று இரண்டு வரும். எல்லா மைக்குக்கும் ஒரே குரூப்பிலிருந்து வெவ்வேறு சேனல்களைத் தேர்ந்தெடுங்கள், தயாரித்தவர்கள் ஏற்கனவே கணக்குப் போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஸ்கெல்ச் என்னும் குமிழ்

மைக்கை அணைத்ததும் ‘உஸ்ஸ்ஸ்’ என்று பெரிய இரைச்சல் வந்தால் ரிசீவரின் பின்னால் ஒரு சின்ன திருகு இருக்கும், அல்லது மெனுவில் ஸ்கெல்ச் என்று இருக்கும். அலையின் பலம் இந்த அளவுக்குக் கீழே போனால் சத்தத்தையே அடைத்துவிடு என்று ரிசீவருக்குச் சொல்வது இது. குறைவாக வைத்தால் இரைச்சல் உள்ளே வரும். கூடுதலாக வைத்தால் பேசுகிறவர் நாலடி தள்ளிப் போனதும் நல்ல சத்தத்தையே அடைத்துவிடும். மைக்கை அணைத்து, இரைச்சல் கேட்கும் வரை திருகைக் குறைத்து, அது நிற்கும் இடம் வரை மெல்ல ஏற்றி, அதற்கு மேல் ஒரு மயிரிழை. அவ்வளவுதான். ஸ்பீக்கர் வால்யூமை இறக்கிவிட்டுச் செய்யுங்கள்.

சுமாரான விலைக்கு மேல் உள்ள செட்டுகள் இன்னொரு தந்திரமும் செய்யும். காதுக்குக் கேட்காத ஒரு தொனியை மைக் சத்தத்தோடு சேர்த்து அனுப்பும். பல செட்டுகளில் அது 32.768 கிலோஹெர்ட்ஸ். நம் காது 20-க்கு மேல் கேட்காது. அந்தத் தொனி வந்தால்தான் ரிசீவர் வாயைத் திறக்கும். ஆகவே ஒரு கம்பெனி மைக்கை இன்னொரு கம்பெனி ரிசீவரின் எண்ணுக்கு வைத்தால் ஆர்எஃப் விளக்கு ஜோராக எரியும், சத்தம் மட்டும் வராது.

தொனி இல்லாத செட்டுகளில் சத்தம் வந்தாலும் அது சரியாக இருக்காது. ஏனென்றால் அனலாக் மைக், சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைப் பாயைப் போலச் சுருட்டி அனுப்புகிறது, ரிசீவர் அதை விரித்துத் தருகிறது. சுருட்டுவதும் விரிப்பதும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஜோடி மாறினால் பேச்சு அமுங்கி எழும்பி, வாக்கிய முடிவில் மூச்சு வாங்குவது போல் இரைச்சல் தெரியும். மைக் தொலைந்துபோய் ரிசீவர் மட்டும் மிஞ்சியிருந்தால், அதே மாடல் மைக் கிடைக்கிறதா என்று தேடுங்கள், கண்ட மைக்கை வாங்காதீர்கள்.

சத்தம் உடைவது, ஹம் அடிப்பது

பேச்சு ‘கொரகொர’வென்று உடைந்து வந்தால் ஏஎஃப் விளக்கு சிவப்பில் எரிகிறதா பாருங்கள். எரிந்தால் மைக்கிலேயே அளவுக்கு மீறிவிட்டது. மைக்கின் உள்ளேயோ மெனுவிலோ கெயின் அல்லது சென்சிட்டிவிட்டி என்று ஒரு அமைப்பு இருக்கும், அதைக் குறையுங்கள். நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் பக்கத்தில் வைத்த மைக்கை அப்படியே சன்னமாகப் பேசும் டீச்சர் கையில் கொடுத்தால் ஒரே அளவு எப்படிப் பொருந்தும்? சிவப்பு எரியவில்லை, ஆனாலும் உடைகிறது என்றால் ரிசீவரின் பின்னால் மைக், லைன் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். மைக் அளவை விடப் பல மடங்கு பலமான லைன் அளவில் வரும் சத்தம் மிக்சரின் மைக் சாக்கெட்டுக்குள் போனால் கெயினைக் குறைத்தாலும் உடையும். கேமராவிலோ போனிலோ பதிவு செய்ய இணைக்கும்போது பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். மிக்சரில் 48 வோல்ட் பாண்டம் பவர் (சில வகை மைக்குகளுக்குக் கேபிள் வழியாகவே அனுப்பும் மின்சாரம்) ஆனில் இருந்தால், ரிசீவர் செருகிய சேனலில் அதை அணைத்துவிடுங்கள். நல்ல ரிசீவர்கள் தாங்கும், மலிவானவை தாங்கும் என்று சொல்ல முடியாது.

‘ம்ம்ம்’ என்று அடித்தொண்டையில் ஒரு ஹம் வந்தால் அது ரேடியோ சமாச்சாரமே இல்லை, 50 ஹெர்ட்ஸ் கரண்ட். ரிசீவரிலிருந்து கேபிளைக் கழற்றினால் ஹம் நிற்கிறதா? நின்றால் ரிசீவருக்கும் மிக்சருக்கும் ஒரே பிளக் போர்டிலிருந்து கரண்ட் கொடுத்துப் பாருங்கள், அடாப்டரை மாற்றிப் பாருங்கள், சாதாரண மோனோ பின் கேபிளுக்குப் பதில் எக்ஸ்எல்ஆர் போடுங்கள். ஹம் நிற்க வேண்டும் என்று ஆம்ப்ளிபையரின் எர்த் பின்னை வெட்டிவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், மழைக்கால மேடையில் அது உயிர் போகிற விஷயம்.

‘டிட்டிடிட் டிட்டிடிட்’ என்று ஒரு தாளம் வந்தால் பேசுகிறவர் சட்டைப்பையைப் பாருங்கள். 2ஜி போன் நொடிக்கு 217 தடவை விட்டு விட்டு அலை வீசுவதால் காலர் மைக் வயரில் வரும் சத்தம் அது. போனை வாங்கி வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டால் தீர்ந்தது. ‘கூ’ என்று கூவுவது ரிசீவரின் குற்றமே அல்ல. மைக் ஸ்பீக்கருக்கு முன்னால் போயிருக்கிறது, அல்லது வால்யூம் அதிகம்.

2.4 கிகாஹெர்ட்ஸ் சிறு மைக்குகள்

இவற்றில் கரகரப்பு வராது. டிஜிட்டல் என்பதால் ஒன்று சுத்தமாகக் கேட்கும், இல்லை துண்டு துண்டாக அறுந்து போகும். வைஃபை, புளூடூத், வீடியோகாரரின் டிரோன் எல்லாம் அதே பட்டையில்தான் ஓடுகின்றன. வீட்டில் எடுக்கும்போது மைக்ரோவேவ் அடுப்பு கூட. வீட்டு ரவுட்டரை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றி வைத்தால் கொஞ்சம் இடம் கிடைக்கும். இந்த அலைவரிசையை உடம்பு இன்னும் மோசமாக மறைக்கும். நெஞ்சில் மைக்கைக் குத்திக்கொண்டு கேமராவுக்கு முதுகு காட்டி நடந்தால் பெட்டியில் போட்டிருக்கும் நூறு மீட்டர் எல்லாம் பேச்சுக்குத்தான். ரிசீவரைப் போனில் செருகியும் சத்தம் பதிவாகவில்லை என்றால் போனின் அமைப்புகளில் ஓடிஜி (வெளிக்கருவிகளைப் போனில் செருகிப் பயன்படுத்தும் வசதி) ஆனில் இருக்கிறதா, கேமரா செயலியில் வெளி மைக் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். சில போன்களில் ஓடிஜி சில நிமிடங்களில் தானாகவே அணைந்துவிடும்.

ரிசீவரேதான் என்று எப்போது சொல்லலாம்?

ஒரே மாடல் செட் இரண்டு இருந்தால் மாற்றிப் போட்டுப் பார்ப்பது போல நம்பகமான சோதனை வேறில்லை. கோளாறு மைக்கோடு போகிறதா, ரிசீவரோடு நிற்கிறதா என்று உடனே தெரிந்துவிடும். அலைவரிசை எண்களையும் சேர்த்து மாற்றினால்தான் இந்தச் சோதனைக்கு அர்த்தம்.

ரிசீவரோடு நிற்கிறது என்றால் முதலில் அடாப்டர். தொலைந்த அடாப்டருக்குப் பதிலாக வைஃபை ரவுட்டரின் அடாப்டரைச் செருகியிருப்பார்கள். பின் சரியாகப் பொருந்தும். வோல்ட்டும், நடுக்கம்பி பாசிட்டிவா நெகட்டிவா என்பதும் பொருந்துகிறதா என்று ரிசீவரின் பின்னால் அச்சடித்திருக்கும் சின்னப் படத்தைப் பார்த்து உறுதி செய்யுங்கள். ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. அடுத்து ஆன்டெனா. மைக்கைக் கையில் கொடுத்து ஒருவரை மேடை முழுக்க நடந்துகொண்டே ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். நீங்கள் ஏ, பி விளக்குகளைப் பாருங்கள். இரண்டும் மாறி மாறி எரியாமல் ஒன்று மட்டுமே எப்போதும் எரிந்தால் மற்ற ஆன்டெனாவின் பக்கம் செத்திருக்கிறது. கழற்றி மாட்டும் ஆன்டெனா என்றால் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். எரியாத விளக்கும் கூடவே இடம் மாறினால் ஆன்டெனா மாற்ற வேண்டும். அதே பக்கத்திலேயே நின்றால் உள்ளே சாக்கெட்டின் ஈயப்பற்று விட்டிருக்கலாம். அடிக்கடி மடக்கி நிமிர்த்தும் கம்பி ஆன்டெனாக்களில் அடிக்கணு தளர்ந்து இது நடக்கும். ரிப்பேர் கடையில் ஐந்து நிமிட சால்டரிங் வேலை.